காற்றோட்டமான வண்டி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் இருமல் நின்றதா? போனில் கேட்டால், "எல்லாரும் நல்லாருக்கோம், வை" என்று நான் மூச்சு விடுவதற்குள் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் கடிதம்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். உன் தம்பி இனிமேல் லாரி டிரைவர் இல்லை. கிளப்பின் ஆண்கள் கால்பந்து அணிக்கு பஸ் ஓட்டுகிறவன்! அதை பஸ் என்று சொல்லவே வாய் கூசுகிறது. படுக்கை போலச் சாய்கிற புஷ்பேக் சீட்டுகள். காலுக்குத் தனிப் பலகை. சீட்டுக்குச் சீட்டு திரை. பின்னால் ஃபிரிட்ஜ், அதில் அடி பட்டால் வைக்க ஐஸ் பைகள். முதல் நாள் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினேன். மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெளியூர் ஆட்டம் என்றால் பெரிய ஹோட்டல், ஆளுக்கு ஓர் அறை. எனக்கே குளியல் தொட்டியோடு அறை கொடுத்தார்கள். அதில் சட்டை துவைத்தேன், யாரிடமும் சொல்லாதே. எங்கள் கோல் மன்னன் பத்தாம் நம்பர் இருக்கிறாரே, அவருக்கு வெளியூர்த் தலையணை ஆகாதாம். வீட்டுத் தலையணையைக் கொண்டுவருகிறார். அதற்கும் ஒரு சீட்.

நீ இதே கிளப்பின் பெண்கள் அணியில் எட்டு வருஷமாக கோல்கீப்பர். இப்போது கேப்டன் வேறு. இவ்வளவு சொகுசையும் வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லையே, கல்லுளிமங்கி! ஆண்கள் அணியைப் பெரிய ஊருக்கு மாற்றிய பிறகும் நீங்கள் நம் ஊர்ப் பழைய மைதானத்திலேயே இருக்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். உங்கள் பஸ் என்ன நிறம்? எழுது.

உன் அன்புத் தம்பி

பிப்ரவரி 19

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் இருமல் போய்விட்டது, அதட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது. உன் வேலையை நினைத்து இரண்டு பேருக்கும் பெருமை. அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு, தபால்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

எங்கள் வண்டியைக் கேட்டிருந்தாய். நிறம் நீலம் என்று நினைக்கிறேன். நல்ல காற்றோட்டமான வண்டி. இந்த ஏசி எல்லாம் எங்கள் உடம்புக்கு ஆகாது. வழியில் அவ்வப்போது இறங்கிக் கொஞ்சம் நடப்போம். ஆட்டத்துக்கு முன்னால் உடம்பு சூடாவதற்கு நல்லது என்று எங்கள் கோச் அம்மாவும் சொல்லுவார்.

தங்குகிற இடம் ரொம்ப அமைதி. விடுமுறையில் பிள்ளைகள் யாரும் இருப்பதில்லை. படுக்கை நேராக, பலகை போல இருக்கும். முதுகுக்கு நல்லதாம். எல்லோரும் ஒரே அறையில் இருப்பதால் பேச்சும் சிரிப்பும்தான். எங்கள் தடுப்பாட்டக்காரி ஒட்டகம் (அவ்வளவு உயரம்) கதை சொல்லுவாள். இடது பக்கம் ஓடுகிற சுண்டெலி (அவ்வளவு வேகம்) நடித்துக் காட்டுவாள்.

புது ஜெர்சி வந்திருக்கிறது. தாராளமான அளவு. அம்மா ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. வண்டியை நிதானமாக ஓட்டு.

பாசமுள்ள அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன கடித உறையின் ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "அவள் எழுதுவதை அப்படியே நம்பாதே." என்ன அது?

இங்கே ஒரு கூத்து. தூரத்து ஊரில் ஆட்டம். அணி விமானத்தில் போனது. நான் காலி பஸ்ஸை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். எதற்கு? விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு அவர்களைக் கொண்டுபோய் விட! எல்லா சீட்டிலும் காற்று உட்கார்ந்து வந்தது. பேச்சுத் துணைக்குப் பத்தாம் நம்பரின் தலையணைதான். ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். ஹோட்டலுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே குறை: குளிர் போதவில்லையாம்.

"பொண்ணுங்க டீமுக்கும் இப்படித்தானே சார் வண்டி?" என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் திடீரென்று டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அக்கா, உங்கள் வண்டியின் பெயர் என்ன? எத்தனை சீட்? உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 1

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகம்தானே? பதில் தாமதமாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. வண்டிக் கதவு என் விரல்களைக் கொஞ்சம் பாசமாகப் பிடித்துக்கொண்டது. வீக்கம் வடிந்துவிட்டது.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஏதாவது கிறுக்குவாள், நீ படிக்காதே. (அம்மா எழுதுவது: என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.)

போன வாரம் வெளியூர் ஆட்டத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம். நாங்கள் வரவில்லை என்று எதிர் அணி ஜெயித்ததாக எழுதிவிட்டார்கள். போகட்டும், அவர்களும் பாவம், உச்சி வெயிலில் காத்திருந்தார்கள். எங்கள் ஆட்டமெல்லாம் மதியம்தான். சாயங்காலம் மைதானத்துக்கு வேறு வேலை இருக்கும்.

சீட்டை எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த முறை எண்ணுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 16

அக்கா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நேரிலேயே பார்த்துவிட்டேன்.

பஸ்ஸை சர்வீஸுக்கு விட நம் ஊர் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்தேன். சொல்லாமல் வந்து உங்களைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தேன். திகைத்தது நான்தான். பைபாஸ் சாலையில் ஒரு லோடு வேன் நின்றது. பின்னால் ஒரு கூட்டம் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. 'பாவம், யாரோ கூலி வேலைக்குப் போகிறவர்கள்' என்று பஸ்ஸை ஓரம் கட்டினேன். நடுவில் தோளைக் கொடுத்துத் தள்ளுவது யார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

இதுதான் காற்றோட்டமான வண்டியா? கூரையே இல்லையே அக்கா! சிமென்ட் மூட்டை ஏற்றிய தூசிகூடப் போகவில்லை.

நான் கதவைத் திறந்து "ஏறுங்க"ன்னு சொன்னதும் நீ என்ன சொன்னாய்? "வேணாம்டா, உன் வேலைக்கு வம்பு வரும்." நல்லவேளை சுண்டெலி உன்னைக் கேட்கவில்லை. அவள் ஏறியதும் எல்லோரும் ஏறினார்கள். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. பழைய ஜெர்சிகளை எடுத்து சீட்டில் விரித்து, "அழுக்காயிடும்ண்ணே" என்று சொல்லி நுனியில் உட்கார்ந்தார்கள். தலையணைக்கே சீட் கொடுத்த பஸ் அது!

விரல் வீங்கியே இருக்கிறது. அந்தக் கையோடு, நான் கொண்டுபோய் இறக்கிவிட்ட அன்றைய ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடாமல் ஜெயித்தாய். பார்த்தேன். கத்திக் கத்தித் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

இனிமேலாவது உள்ளதை உள்ளபடி எழுது.

தம்பி

ஏப்ரல் 25

என் தம்பிக்கு,

சுகம். இது நிஜமாகவே. விரல் மடங்குகிறது.

சரி, கேட்டுக்கொள். வழியில் நடப்பது என்றால் வண்டி தள்ளுவது. அமைதியான விடுதி பள்ளிக்கூட வகுப்பறை. நேரான படுக்கை பெஞ்சுகள், இரண்டு இரண்டாகச் சேர்த்துப் போட்டது. ஒட்டகத்துக்கு மூன்று வேண்டும். தாராளமான ஜெர்சி ஆண்கள் அணி போன வருஷம் போட்டுக் கழித்தது. சுண்டெலிக்கு முட்டிக்குக் கீழே தொங்குகிறது. முதுகில் இருந்த பேரை அம்மா பிரித்து எடுத்தாலும் தடம் போகவில்லை. அவள் ஓடினால் பத்தாம் நம்பரே ஓடுகிற மாதிரி இருக்கும். என்ன, இவள் பந்தைத் துரத்துவாள்.

ஏன் மறைத்தேன் என்கிறாயா? உன் முதல் கடிதத்தில் இருந்த சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட மனசு வரவில்லை. உன் முன்கோபமும் எனக்குத் தெரியும். மேனேஜரின் சட்டையைப் பிடித்துவிட்டு வந்து நிற்பாய்.

அன்றைக்கு ஒரு விஷயம். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எங்கள் கால் வலிக்கவில்லை. ஆட்டத்துக்குப் போய் இறங்கும்போது கால் வலிக்காமல் இருக்கும் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அன்றைக்கு நன்றாக ஆடினேன் என்கிறாய். இல்லை, நான் ஆடுகிற அளவு அதுதான். இத்தனை வருஷமாக அதில் பாதியைத் தள்ளுவதில் செலவழித்திருக்கிறேன்.

பஸ் எடுத்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ரொம்ப நலம். நீயும் அம்மாவும் நலமா?

இங்கே எனக்குச் சின்ன வேலை மாற்றம். இப்போது வேறு வண்டி ஓட்டுகிறேன். திறந்த வண்டி, வெளிக்காற்று முகத்தில் அடிக்கும். போக்குவரத்து நெரிசல் கிடையாது, விபத்து பயம் இல்லை. எங்கும் பச்சைப் பசேல். வெளியூர் அலைச்சல் இல்லாததால் உடம்பு தேறியிருக்கிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மே 20

டேய் தம்பி,

சுகம். நீ சுகமில்லை என்று தெரிகிறது. யாரிடம் கதை விடுகிறாய்? இந்த வித்தைக்கு வாத்தியாரே நான்தானே! எங்கும் பச்சை, நெரிசல் இல்லை, திறந்த வண்டி. புல் வெட்டும் மெஷினில் உட்கார வைத்துவிட்டார்களா?

கோச் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளப் செயலாளரைப் பார்க்கப் போனேன். சுழல் நாற்காலியில் ஆடிக்கொண்டே கேட்டார்.

"வாம்மா கேப்டன். என்ன விஷயம்?"

"என் தம்பியைத் திரும்ப பஸ்ஸுக்கு அனுப்பணும் சார். எங்களுக்கும் அந்த பஸ் வேணும்."

"அன்னிக்கு நீங்க அதுல வந்து இறங்குனதை எவனோ படம் பிடிச்சு ஊரெல்லாம் பரப்பிட்டான். எவ்வளவு அசிங்கம்!"

"நாங்க பஸ்ல வந்தது அசிங்கமா சார், லோடு வேன்ல வர்றது அசிங்கமா?"

நாற்காலி ஆடுவது நின்றது.

"இங்க பாரும்மா. உங்க ஆட்டத்துக்கு யாரு வர்றா? காக்கா குருவிகூட வர்றதில்ல. கேலரி நிறையட்டும், பஸ் தானா வரும்."

"நிறைஞ்சா தருவீங்களா?"

"ஒரு தடவை நிறைச்சுக் காட்டு. தர்றேன்."

"டிரைவரோட?"

"எல்லாத்தோடயும்தாம்மா!" என்று சிரித்தார். கோச் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நானும் கேட்டுக்கிட்டேன் சார்" என்றார்.

அடுத்த மாதக் கடைசியில் எங்கள் ஊரிலேயே ஆட்டம். கேலரியை நிறைக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. இன்றைக்குப் பயிற்சிக்கு டவுன் பஸ்ஸில் வந்தேன். நிற்க இடமில்லை. அவ்வளவு கூட்டத்தையும் பார்த்ததும் ஒரு யோசனை வந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், தொப்பி போட்டிருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டாயே! புல் வெட்டும் மெஷின்தான். கோட்டை நேராக வெட்டுகிறேன் என்று தலைமைத் தோட்டக்காரர் மெச்சுகிறார்.

எனக்காக நீ யாரிடமும் கெஞ்ச வேண்டாம். கேலரி நிறையாவிட்டால் அந்த ஆள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். எனக்கு அதுதான் பயம்.

என் இடத்தில் வந்த புது டிரைவர் பிரேக் போட்டால் பின்சீட்டில் இருப்பவர் முன்சீட்டுக்கு வந்துவிடுகிறாராம். பத்தாம் நம்பர் நேற்று மைதானத்தில் என்னைப் பார்த்து, "எப்போப்பா திரும்பி வருவே?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். "நான் போட்ட பழைய ஜெர்சியையா அவங்க போட்டுக்கறாங்க? புதுசு தைக்கறாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை அக்கா. கேட்கவே தோன்றியதில்லை, அவ்வளவுதான். எனக்கும் தோன்றவில்லையே.

என்ன யோசனை அது? எழுதேன்!

தம்பி

ஜூன் 29

என் கண்ணான தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம்! அம்மாவுக்குத்தான் தொண்டை போய்விட்டது. ஏன் என்று கேள்.

ஆட்டத்தன்று காலையில் நாங்கள் எல்லோரும் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு பேராக டவுன் பஸ்களில் ஏறினோம். மைதானத்துப் பக்கம் வருகிற ஒரு பஸ்ஸையும் விடவில்லை. ஒட்டகம் ஏறும்போதே தலையில் கம்பி இடித்து பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதுவே நல்ல விளம்பரம்.

சுண்டெலி பந்தோடு ஏறியிருக்கிறாள். "பந்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கண்டக்டர் கேட்க, "அதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகலண்ணே" என்றாளாம். அவர் சிரித்துவிட்டு, வழியெல்லாம் நிறுத்தத்தின் பேரோடு சேர்த்து "மேட்ச் பாக்கறவங்க கடைசி ஸ்டாப்பு!" என்று அவரே கூவிக்கொண்டு வந்திருக்கிறார்.

என் பஸ்ஸில் காய்கறிப் பையோடு ஓர் அம்மாள்.

"ஸ்கூல்ல விளையாட்டு விழாவா?"

"இல்லம்மா, லீக் மேட்ச். நம்ம ஊர் டீம்."

"நம்ம ஊருக்கு டீம் இருக்கா?"

"எட்டு வருஷமா இருக்கும்மா."

"அடப்பாவிகளா, ஒருத்தரும் சொல்லலையே!" என்றவர் என்னோடேயே இறங்கிவிட்டார், பையோடு.

மதிய ஆட்டமல்லவா, எல்லோரும் குடை பிடித்தார்கள். கோலுக்கு முன்னால் நின்று கேலரியைப் பார்த்தேன். கல் படியே தெரியவில்லை. குடை மட்டும்தான். பின் வாசல் பூட்டு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்று அதை உடைத்தார்கள். செயலாளர் வந்தபோது அவர் நாற்காலியில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாயே. முதல் பாதியில் ஒரு சுலபமான பந்தைக் கோட்டை விட்டேன். போச்சு, எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அப்போது அந்தக் காய்கறி அம்மாள் எழுந்து நின்று, "பரவால்ல பாப்பா, அடுத்ததைப் பிடி!" என்று கத்தினார். எனக்கு வயசு முப்பது. இருந்தாலும் பிடித்தேன். அடுத்ததையும், அதற்கடுத்ததையும். கடைசியில் சுண்டெலி தன் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி ஒரு கோல் போட்டாள். ஆளுக்கு ஒன்று, ஆட்டம் டிரா. குடைகள் மேலே பறந்தன. சிலது இன்னும் கிடைக்கவில்லை.

முடிந்ததும் கூட்டம் வேலியோரம் வந்துவிட்டது. "அடுத்த ஆட்டம் எப்போ?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அடுத்த சனிக்கிழமை. வெளியூர்ல."

"எப்படிப் போவீங்க?"

நான் செயலாளரைப் பார்த்தேன். கோச் அம்மாவும் பார்த்தார். ஒட்டகம் பார்த்தாள். பிறகு வேலியோரம் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"பஸ்லதான்" என்றார் செயலாளர். "கிளப் பஸ்லதான்மா. வேற எதுல?"

"பஸ் தானா ஓடாதே சார்" என்றேன்.

"டிரைவர் வருவாரு, வருவாரு" என்று சொல்லிக்கொண்டே நெற்றியைத் துடைத்தார்.

ஆண்கள் அணிக்கு ஆட்டம் இல்லாத நாளில் மட்டும்தான் பஸ்ஸாம். மற்ற நாட்களுக்குக் கூரை உள்ள வேன். ஜெர்சி அதேதான், வகுப்பறையும் அதேதான். கோச் அம்மாவும் நானும் அடுத்த திங்கட்கிழமை மறுபடி அவர் அறைக்குப் போகிறோம். சுழல் நாற்காலி பழகிவிட்டது.

நீ சீக்கிரம் வா.

உன் அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் சிரிப்பாய். நேற்றுக் காலையில்தான் உன்னை வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். ஆனாலும் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஏறியபோது என்ன ஆர்ப்பாட்டம்! பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம் என்றீர்கள். திரையை இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். சுண்டெலி ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டாள். சீட்டில் யாரும் எதையும் விரிக்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பி, நம் ஊர் எல்லையைத் தாண்டி, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்கத் திரும்பினால், ஒரு சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அத்தனை பேரும் தூங்கிவிட்டீர்கள். ஒட்டகம் முதல் முறையாகக் காலை முழுசாக நீட்டியிருந்தாள். நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய், அதையும் சொல்லிவிடுகிறேன். கோச் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் விழித்திருந்தார், அப்புறம் அவரும் சாய்ந்துவிட்டார்.

குறுக்குப் பாதையில் மேடு பள்ளம் அதிகம். அதனால் சுற்றுப் பாதையில் போனேன். நேரம் நிறைய இருந்தது.

பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, திரையெல்லாம் போட்டிருக்கு? உள்ள பெரிய ஆளுங்களா?"

"ஆமாண்ணே. மேட்சுக்குப் போறாங்க. தூங்கறாங்க, ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். பச்சை விழுந்ததும் தன் லாரியை நகர்த்தாமல் நம்மை முதலில் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னால் ஒரு கார்க்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். அதற்கு லாரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, அந்தச் சாலையே அதிரும்படி கத்தினார்:

"யோவ், சும்மா இருய்யா! உள்ள டீம் தூங்குது!"

அந்தச் சத்தத்துக்கும் நீங்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் பஸ் டிரைவர்